சுரண்டி எடுத்த இமைக்கட்டியைக் கழிவு வாளியில் போடாதீர்கள்: கண் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டுக் கண் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அப்பாவுக்கு 57 வயதில் வலது மேலிமையில் சிறு கட்டி ஒன்று வந்தபோது, அம்மா நாமக்கட்டியை இழைத்துப் பற்றுப் போட்டார். அது அமுங்காததால் மருத்துவமனைக்குச் சென்றோம்; இமையைப் புரட்டிக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாதாரணக் கண்கட்டிதான் என்று அனுப்பிவைத்தார்கள். ஐந்து மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் வந்தது, மீண்டும் சுரண்டினார்கள். இரண்டு முறையும் எடுத்த திசு, பஞ்சோடு சேர்ந்து கழிவு வாளிக்குப் போனது. மூன்றாம் முறை வந்தபோது அந்த இடத்தில் மட்டும் இமைமயிர் உதிர்ந்து, இமை விளிம்பு மஞ்சள் பூத்துத் தடித்திருந்தது. வேறொரு மருத்துவர் அதைப் பார்த்த உடனே பயாப்சிக்கு அனுப்பினார். நெய்ச்சுரப்பிப் புற்று என்று முடிவு வந்தது.

மேலைநாடுகளில் இமைப் புற்றுகளில் பத்தில் ஒன்பது வரை, தோலின் அடியடுக்குச் செல்களில் தொடங்கும் அடிச்செல் புற்றுதான். அது பெரும்பாலும் கீழிமையில் வரும். வெயிலின் புற ஊதாக் கதிர் பி.டி.சி.எச்.1 என்ற மரபணுவைப் பழுதாக்குவது அதற்கு முக்கியக் காரணம். ஆனால் இந்திய மருத்துவமனைகள் வெளியிட்ட ஆய்வுகளில் நெய்ச்சுரப்பிப் புற்று அதற்கு இணையாகவும், சிலவற்றில் அதை முந்தியும் நிற்கிறது. இமையில் நெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகள் மேலிமையில்தான் அதிகம் என்பதால் அது அங்கேதான் மிகுதியாக வருகிறது. கண்கட்டியும் அதே சுரப்பியில் வருவதுதான் ஏமாற்றத்துக்கு இடமாகிறது.

பயாப்சி எடுத்த மருத்துவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றோ, கருப்பைப் புற்றோ வந்திருக்கிறதா?" அத்தை 46 வயதில் பெருங்குடல் புற்றால் இறந்தார்; அப்பாயிக்குக் கருப்பைப் புற்று. கண்ணுக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று நாங்கள் விழித்தோம். செல் பிரியும்போது மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 போன்ற மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால், குடல், கருப்பைப் புற்றுகளோடு நெய்ச்சுரப்பிக் கட்டிகளும் வரக்கூடும் என்றும், அதற்கு மூயர்–டோரே நோய்த்தொகுப்பு என்று பெயர் என்றும் அவர் விளக்கினார். அப்பாவின் திசுவில் எம்.எஸ்.எச்.2 புரதம் இல்லை. பின்னர் செய்த இரத்தச் சோதனையும் அதை உறுதிசெய்தது. பிள்ளைகளுக்கு அந்தப் பழுது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. எனக்கு வந்திருக்கிறது. இத்தகையவர்களுக்கு 20 முதல் 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை குடலை உள்நோக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு 31 வயதில்தான் அது தொடங்கியது. இமையில் வரும் நெய்ச்சுரப்பிப் புற்றுகளில் சிறு பங்கே இந்த வகை என்பதை அறிவேன். ஆனால் அந்தச் சிறு பங்கைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்பட்டது ஒரு கேள்வி மட்டுமே.

மற்ற நெய்ச்சுரப்பிப் புற்றுகளில் என்ன நடக்கிறது? பலவற்றில் டி.பி.53, ஆர்.பி.1 என்ற இரு மரபணுக்கள் பழுதாகியிருக்கின்றன. செல் கட்டுமீறிப் பெருகாமல் பிடித்து நிறுத்தும் பிரேக்குகள் அவை. இப்பழுதுகள் இல்லாத சில கட்டிகளில் மனித பாப்பிலோமா வைரஸின் ஆபத்தான வகைகள் காணப்பட்டுள்ளன. அந்த வைரஸின் இ6 புரதம் முதல் பிரேக்கையும், இ7 இரண்டாவதையும் செயலிழக்கச் செய்கின்றன. மரபணு தானே முறிந்தாலும் வைரஸ் வந்து முறித்தாலும் முறிவது அதே இரண்டுதான் என்று படித்தபோது, இந்த நோயே எனக்கு வேறாகத் தெரிந்தது. குழந்தையாக இருந்தபோது மரபுவழி விழித்திரைப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பின்னாளில் இமையில் இப்புற்று வருவதற்கும் அந்த ஆர்.பி.1 பழுதே அடித்தளம்.

முதியவர்களின் மேலிமையில் வலியின்றி, செந்நீல நிறத்தில், வாரக் கணக்கில் வளரும் மெர்க்கல் செல் புற்று என்ற அரிய தோல் புற்றையும் கண்கட்டி என்றே தள்ளிவிடுவதுண்டு. 2008இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழுவினர் அதில் ஒரு புதிய பாலியோமா வைரஸைக் கண்டறிந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே தொற்றிக்கொண்டு தீங்கின்றிச் சுமக்கும் வைரஸ் அது. அரிதாகச் சிலரில் மட்டும் செல்லின் மரபணுத் தொகுதிக்குள் நுழைந்து ஒட்டிக்கொண்டு புற்றாக்குகிறது.

எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே இடத்தில் திரும்பி வரும் கட்டி, இமைமயிர் உதிர்ந்த கட்டி, ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் ஆறாத இமை அழற்சி ஆகியவற்றின் திசுவை ஃபார்மலின் குப்பியில் இட்டு, சந்தேகத்தையும் எழுதி நோயியல் மருத்துவருக்கு அனுப்புங்கள். நெய்ச்சுரப்பிப் புற்று என்று வந்தால் குடும்ப வரலாற்றைக் கேட்டு, ஐயம் இருந்தால் பிழைதிருத்தும் புரதங்களுக்கான சாயச் சோதனையையும் அதே திசுவில் செய்யச் சொல்லுங்கள். அப்பாவின் முதல் கட்டிக்கும் மூன்றாவதற்கும் இடையே பதினோரு மாதங்கள் போயின. அதற்குள் புற்று இமையின் உட்சவ்வில் பரவிவிட்டதால், மேலிமையில் பெரும்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்