அவர் பரிமாறியதை நீ உண்ண வேண்டாம்

பீடோங், கெடா

அன்பு மகளுக்கு,

உற்பத்தி குறைந்ததற்காக அத்தனை பேர் முன்னால் மேற்பார்வையாளர் உன்னை இழிவாகப் பேசியது தவறு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேலையை விட்டுவிடுகிறேன்" என்றாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் புத்தர் இருந்தபோது, தன் குலத்தான் ஒருவன் துறவியாகிவிட்ட ஆத்திரத்தில் ஓர் அந்தணர் வந்து அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். புத்தர் கேட்டார்: "உன் வீட்டுக்கு விருந்தினர் வருவதுண்டா? நீ பரிமாறியதை அவர்கள் ஏற்காவிட்டால் அது யாருக்கு?" "எனக்குத்தான்" என்றார் அவர். "அப்படியே இந்த ஏச்சையும் நான் ஏற்கவில்லை, அது உன்னுடையதே. ஏச்சுக்கு ஏச்சு சொல்பவன் உன்னோடு பந்தியில் உட்கார்ந்துவிடுகிறான்" என்றார் புத்தர். ஏசியவரே பின்னர் அவரிடம் துறவு பூண்டார்.

நாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான். நல்ல சொல் எங்கிருந்து வந்தால் என்ன?

கோபம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரும். வரும்போதே தெரிய வேண்டும்: காது சூடாகிறது, மூச்சு முட்டுகிறது, இதோ கோபம் என்று. ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் கத்திய நாள்களில் நான் முதல் மரத்தில் உடனே உளி வைக்கமாட்டேன். வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை மெதுவாக உரித்து, பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து, கை நடுக்கம் அடங்கிய பிறகுதான் வெட்டுவேன். ஆத்திரத்தில் வெட்டினால் உளி பட்டையைத் தாண்டி இறங்கிவிடும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும்.

பினாங்குப் பாலம் தாண்டி ஊருக்கு வரும்போது செபராங் பிறையைக் கடக்கிறாயே, அங்கேதான் 1834இல் ஜேம்ஸ் லோ என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். கடற்பயணம் இனிதே முடிய வேண்டி, புத்தகுப்தன் என்ற மாலுமி 5ஆம் நூற்றாண்டில் செதுக்கி வைத்தது. இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறியாமையால் வினை சேர்கிறது, அறிவு வந்தால் வினை செய்யப்படுவதில்லை என்கிறது அதிலுள்ள பாட்டு. பிறவிச் சுழலைப் பற்றிய பெரிய பேச்சு அது. எனக்கோ உன் தொழிற்சாலைத் தளமும் அதற்குள் அடக்கம் என்றே படுகிறது. தன்னை அறியாமல் கொட்டும் சொல்லும் வினைதானே, மகளே.

அதற்காக வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் போகாதே. காலம் பார்த்து, உண்மையை, கடுமையில்லாமல், பயன் தரும்படி, நல்ல மனத்தோடு பேசச் சொன்னவரும் புத்தர்தான். மேலதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடு. தேதி, நேரம், அவர் பேசிய சொற்கள், பக்கத்தில் இருந்தவர்கள், எல்லாம் இருக்கட்டும். உன் வசைச்சொல் ஒன்றுகூட அதில் வேண்டாம். ஒரு நகலை உன்னிடம் வைத்துக்கொள்.

அதன் பிறகும் சரிப்படாவிட்டால் முறைப்படி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வா. வாடகைக்கு வெள்ளி போதவில்லை என்றால் அப்பாவிடம் சொல். சாப்பிடாமல் படுக்காதே.

அம்மா