‘இன்று பறக்க வேண்டாம்’ என்று விமானி தயங்காமல் சொல்லட்டும்: பலூன் பயண நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பலூன் பயண நிறுவன உரிமையாளர்களுக்கும், அவர்களுக்காக முன்பதிவு செய்து தரும் சுற்றுலா முகவர்களுக்கும் வணக்கம்.

விடுமுறைக்காக ஓரிடத்திற்கு வந்து சில நாட்கள் தங்கிச் செல்லும் எங்களைப் போன்றவர்களை விடியும் முன்னே எழுப்பி அழைத்துச் சென்று, ஒரு பிரம்புக் கூடையில் ஏற்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் மிதக்கவிட்டு, பத்திரமாகத் தரையில் இறக்கிவிடும் தொழிலை நீங்கள் செய்து வருகிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தின் மகிழ்ச்சி எனக்குத் தெரியும். பலூனுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கும் பர்னர் ஓய்ந்திருக்கும் இடைவெளிகளில், கீழே எங்கோ ஒரு நாய் குரைப்பதும் யாரோ யாரையோ கூப்பிடுவதும் மேலே தெளிவாகக் கேட்கின்றன. விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ இது கிடைக்காது. இந்தப் பயணம் இன்னும் பலருக்கு வாய்க்க வேண்டும் என்று விரும்புவதால்தான் இம்மடலை எழுதுகிறேன். வானிலை சரியில்லாத காலையில் பயணத்தை ரத்து செய்யும் முடிவின்மீது பணத்தின் பாரம் விழாதபடி உங்கள் விதிகளை அமைத்துக்கொள்ளுங்கள் என்பதும், அந்த முடிவின் நியாயத்தைப் பயணிக்கு முன்கூட்டியே புரியவையுங்கள் என்பதும்தான் என் கோரிக்கை.

ரத்தான பயணத்தைப் பற்றிப் பயணிகள் எவ்வளவு கோபப்படுவார்கள் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். தூக்கத்தைத் துறந்து வந்து மைதானத்தில் நிற்பவருக்கு இலைகூட அசையாததுபோல் தோன்றும். வானமும் தெளிந்திருக்கும். அந்நிலையில் விமானி ‘இன்று இல்லை’ என்றால், ஏமாற்றப்பட்டதாகவே அவர் நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏனெனில் இது எப்படிப்பட்ட ஊர்தி என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. 1783 நவம்பர் 21 அன்று பாரிஸில் பிலாத்ர் த ரோசியேவும் மார்க்கி தார்லாந்தும் மான்கோல்ஃபியே சகோதரர்கள் உருவாக்கிய வெப்பக்காற்று பலூனில் ஏறி ஏறத்தாழ 25 நிமிடங்கள் பறந்தபோது, காற்று இழுத்த திசையில்தான் போனார்கள். 1960இல் அமெரிக்காவில் எட் யோஸ்ட் என்பவர் புரோப்பேன் எரிவாயு பர்னரையும் நைலான் உறையையும் கொண்டு நவீன பலூனைப் பறக்கவிட்டபின் ஏறுவதும் இறங்குவதும் விமானியின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. திசை மட்டும் இன்றும் காற்றின் வசமே இருக்கிறது. வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசைகளில் வீசுவதால், ஏறியும் இறங்கியும் தமக்கு வேண்டிய காற்றைத் தேடிப் பிடிப்பதே விமானியின் கலை. வேண்டிய காற்று இல்லையென்றால், எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் பயணி அறிவதில்லை. பலூன் காற்றோடு சேர்ந்தே நகர்வதால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாலும் கூடைக்குள் இருப்பவர் முகத்தில் காற்று படுவதே இல்லை. அசையாமல் நிற்பதுபோன்ற அமைதிதான் தெரியும். அந்த வேகம் முழுவதும் தரையைத் தொடும் கணத்தில்தான் வெளிப்படுகிறது. ஆகவே புறப்படும் மைதானத்தில் காற்று அடங்கியிருக்கிறதா என்பதைவிட, ஒரு மணி நேரம் கழித்து, எந்த இடம் என்று இன்னும் துல்லியமாகத் தெரியாத ஓரிடத்தில், வெயில் ஏறித் தரை சூடாகி மேல்காற்று கீழே கலக்கத் தொடங்கும் வேளையில், காற்று எப்படி இருக்கும் என்பதையே விமானி கணிக்க வேண்டியிருக்கிறது. விடியற்காலையைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் அதுதான்: அப்போது காற்று பெரும்பாலும் நிதானமாக இருக்கும், தரையிலிருந்து வெப்பக்காற்று கிளம்பியிருக்காது. மேலே காற்று எப்படி வீசுகிறது என்று அறிய, இருட்டில் ஒரு சிறிய ஹீலியம் பலூனைப் பறக்கவிட்டு விமானி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைப் பயணிகள் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். தங்கள் பயணம் அங்கேதான் தீர்மானமாகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால், அந்தக் காத்திருப்பையும் பொறுமையோடு ஏற்பார்கள்.

பலூனின் அளவையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த காலையில் காற்றை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினாலும் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ கால் கிலோ எடையைத்தான் தூக்கும். இருபது பேரையும் கூடையையும் எரிவாயு உருளைகளையும் தூக்க வேண்டுமென்றால் பல ஆயிரம் கன மீட்டர் கொள்ளளவு தேவைப்படுகிறது. பல மாடி உயரம் எழுந்து நிற்கும் அத்தனை பெரிய துணி, தரையைத் தொட்டபின் பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொண்டு கூடையை இழுத்துச் செல்லும். உச்சியிலுள்ள வால்வைத் திறந்து சூடான காற்றை வெளியேற்றினாலும், அது அடங்கச் சற்று நேரமாகும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பலூன்களுக்குத் தரைக்காற்று மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டினாலே பெரும்பாலும் வேண்டாம் என்று விமானிகள் முடிவெடுப்பது இதனால்தான். ஒரு சைக்கிளின் வேகம்கூட இதைவிட அதிகமாயிற்றே என்று பயணி நினைப்பார். அவருக்கு இக்கணக்கைச் சொல்லும் கடமை உங்களுடையது.

இப்போது பணத்திற்கு வருகிறேன். 2016 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லாக்ஹார்ட் அருகே ஒரு சுற்றுலா பலூன் உயர் மின்னழுத்தக் கம்பிகளில் மோதியதில் அதிலிருந்த 16 பேரும் உயிரிழந்தனர். புறப்பட்டதில் தொடங்கி, மூடுபனியிலும் மேகத்துக்கு மேலும் பயணத்தைத் தொடர்ந்து, தடைகள் கண்ணுக்குத் தெரியாத நிலையில் கீழிறங்கியது வரை, விமானி எடுத்த தவறான முடிவுகளின் தொடரே காரணம் என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அவருடைய உடல்நலக் குறைபாடுகளும் மருந்துகளும் அதற்குத் துணைபோயின என்றும், பலூன் விமானிகளுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயமில்லாதிருந்த விதியும் ஒரு காரணம் என்றும் அது சொன்னது. 2022இல் அமெரிக்கா, கட்டணப் பயணிகளை ஏற்றும் பலூன் விமானிகளுக்கு மருத்துவச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. நல்ல விதிதான். ஆனால் விமானி நலமாக இருக்கிறாரா என்பதை ஒரு சான்றிதழ் காட்டலாம். மைதானத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் பயணிகளுக்கு முன்னால் நின்று ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்குமா என்பதை எந்தச் சான்றிதழும் காட்டாது. அந்தத் துணிவை விதிகளின் மூலம் கொடுக்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

எப்படி என்று கேட்பீர்கள். வானிலையால் பயணம் ரத்தானால், கேட்காமலேயே முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். ‘வேறொரு நாளில் வந்து பறந்துகொள்ளலாம்’ என்று ஒரு சீட்டைக் கொடுத்தனுப்புவது உள்ளூர்வாசிக்கு உதவலாம். மறுநாள் ஊர் திரும்பும் பயணிக்கு அது பணத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதற்கு ஒப்பானது. ஒருமுறை நான் அப்படியொரு சீட்டுடன் திரும்பியிருக்கிறேன். அன்று விமானி எடுத்த முடிவு முற்றிலும் சரியானது என்று எனக்குத் தெரிந்திருந்தும், என்னுடன் நின்றவர்கள் அவரிடம் சண்டையிட்டது காற்றைப் பற்றியல்ல, பணத்தைப் பற்றித்தான். பணம் திரும்பி வரும் என்ற உறுதி முதலிலேயே இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் விழும் இழப்பைவிட, விமானியின் மனத்தில் விழும் அழுத்தமே எனக்குப் பெரிதாகப்படுகிறது. பறந்த நாளுக்கு மட்டும் ஊதியம் என்ற ஏற்பாடு உங்களிடம் இருந்தால், அதையும் மாற்றுங்கள். ரத்து செய்த காலைக்கும் விமானிக்கும் தரைக்குழுவினருக்கும் ஊதியம் கொடுங்கள். அன்று அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஒரே இடத்தில் பல நிறுவனங்கள் இயங்கும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. பக்கத்து மைதானத்திலிருந்து ஒரு பலூன் எழும்பிவிட்டால், காத்திருக்கச் சொன்ன விமானியைப் பயணிகள் கோழை என்பார்கள். துருக்கியின் கப்படோக்கியாவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: அன்று பறக்கலாமா என்பதை நிறுவனங்கள் தனித்தனியே முடிவு செய்வதில்லை, வானிலையைப் பார்த்து ஒரு பொது மையம் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகளாக அறிவிக்கிறது. சிவப்பு என்றால் எவருக்கும் இல்லை. உலகிலேயே மிக அதிகமான பலூன்கள் எழும் இடங்களில் ஒன்றில் இது நடைமுறையில் இருக்கும்போது, மற்ற இடங்களிலும் நிறுவனங்கள் தமக்குள் பேசி இத்தகைய ஒரு பொது முடிவுக்குக் கட்டுப்படலாம். அரசு விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொது மையம் ‘பறக்கலாம்’ என்ற பிறகும் ‘நான் பறக்கமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை மட்டும் ஒவ்வொரு விமானிக்கும் இருக்க வேண்டும்.

முகவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். ‘நிச்சயம் பறக்கலாம்’ என்று சொல்லி விற்காதீர்கள். பயணி ஓரிடத்தில் மூன்று நாட்கள் தங்குவதாக இருந்தால் பலூன் பயணத்தை முதல் காலையிலேயே வையுங்கள். அன்று முடியாவிட்டால் இன்னும் இரண்டு காலைகள் மிச்சமிருக்கும். கடைசி நாள் காலையில் வைத்து, அன்றே விமானம் ஏற வேண்டிய ஒருவரை மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தும் முகவர், தான் அறியாமலேயே விமானியின் மீது சுமையை ஏற்றுகிறார். பயணியின் எடை, கர்ப்பம், அண்மையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சை, முழங்கால் அல்லது முதுகுத்தண்டுக் கோளாறு ஆகியவற்றையும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். விடியற்காலையில் கூடையருகே வந்து நின்ற பிறகு ஒரு தாயைப் பார்த்து ‘நீங்கள் மட்டும் ஏற முடியாது’ என்று சொல்வது கொடுமை.

இறங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் விளம்பரங்களில் வானம் நிறைய பலூன்கள் இருக்கின்றன. பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் ஒரு கூடையின் படத்தை நான் எந்த விளம்பரத்திலும் கண்டதில்லை. காற்று சற்று வீசினால் கூடை துள்ளித் துள்ளி இழுபட்டுச் சாய்வது இயல்பான தரையிறக்கம்தான் என்று அறியாத பயணி, அதை விபத்து என்று எண்ணிப் பதறுகிறார். பதறுபவர்தான் கையை வெளியே நீட்டுகிறார், எழுந்து நிற்கிறார், வெளியே குதிக்க முயல்கிறார். போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்கால்களை மடக்கி, உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடிகளைப் பற்றிக்கொண்டு, விமானி சொல்லும்வரை எவரும் வெளியேறக் கூடாது என்ற பயிற்சியை, கூடை தரையில் நிற்கும்போதே ஒவ்வொருவரையும் செய்ய வைத்துப் பாருங்கள். வானில் ஏறிய பிறகு, எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருக்கும் வேளையில், பர்னர் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொல்வது பயிற்சியாகாது.

வெளியேறக் கூடாது என்பதன் காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் மனிதர்கள் கட்டளையை நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஓரிருவர் இறங்கிவிட்டாலே எடை குறைந்து, மிச்சமிருப்பவர்களுடன் பலூன் மீண்டும் எழும்பிவிடும். 2013 பிப்ரவரி 26 அன்று எகிப்தின் லக்சரில் தரையிறங்கும் நேரத்தில் தீப்பற்றிய பலூனிலிருந்து குதித்த விமானியும் ஒரு பயணியும் மட்டும் உயிர் பிழைத்தனர். எரிந்தபடி மேலே எழுந்து பிறகு விழுந்த அந்தப் பலூனில் இருந்த 21 பேரில் 19 பேரை நாம் இழந்தோம். 2025 ஜூனில் பிரேசிலின் பிரையா கிராண்டியிலும் தீப்பற்றிய பலூனிலிருந்து தரையருகே 13 பேர் வெளியேறித் தப்பிய பிறகு, பலூன் மேலே எழும்பி, மற்ற 8 பேர் உயிரிழந்தனர். தீ போன்ற அவசரத்தில் வரும் கட்டளை, வழக்கமான தரையிறக்கத்தின் கட்டளைக்கு நேர்மாறாகவே இருக்கலாம். ஆகவே விமானி என்ன சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரிவது உயிர்ப் பிரச்சினை. பல நாட்டவர் ஒரே கூடையில் நிற்கும் சுற்றுலாத் தலங்களில், சிலருக்குத் தெரியாத ஒரு மொழியில் வேகமாக நாலு வாக்கியம் சொல்லிவிட்டு ஏற்றுவது போதாது. படங்கள் வரைந்த ஒரு அட்டையையும், பயணிகளின் மொழிகளில் எழுதிய ஒரு பக்கத்தையும் முந்தைய நாளே கைபேசிக்கு அனுப்பிவைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

நீங்கள் இவற்றில் பலவற்றை ஏற்கெனவே செய்துவருபவர்களாக இருக்கலாம். அப்படியானால் அதை மறைக்காமல் விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: எந்தக் காற்றளவில் ரத்து செய்வீர்கள், பணம் எத்தனை நாட்களில் திரும்பும், உங்கள் விமானிகளின் உரிமமும் மருத்துவச் சான்றும் எந்த அமைப்பால் வழங்கப்பட்டவை, தரையிறங்கும் பயிற்சி எங்கே, எப்போது நடக்கும். இவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பயணிகள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். மலிவான கட்டணத்துக்காக அல்ல, இந்த நான்கு விவரங்களுக்காகவே நான் நிறுவனத்தைத் தேடுவேன். தெரிந்தவர்களிடமும் அப்படியே தேடச் சொல்வேன்.

அடுத்த முறை ரத்தாகும் காலையில், பயணிகளை வண்டியிலேற்றி விடுதிக்குத் திருப்பியனுப்பும் முன், விமானியை அவர்கள் நடுவே அழைத்துவந்து, அன்று அவர் கண்ட காற்றின் அளவுகளைக் காட்டிப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். திருப்பித் தரப்படும் பணத்துக்கான ரசீதையும் அங்கேயே கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மீண்டும் பறக்க விரும்பும் ஒரு பயணி