பழைய வரிசை வீட்டின் கதை காணி உறுதியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

விக்டோரியா மகாராணி காலத்து வீடொன்றில் யார் யார் குடியிருந்தார்கள் என்று தேடும் வழி பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை லண்டன் வீடுகளுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். அங்கே 1841 முதல் பத்தாண்டுக்கொருமுறை எடுத்த குடிசன மதிப்பீட்டுத் தாள்களில் வீடு வீடாகப் பெயர், வயது, தொழில் எல்லாம் இருக்கின்றன. நூறு வருடம் கழிந்தால் யாரும் பார்க்கலாம். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ கொம்பனித்தெருவிலோ பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இந்த வழி உதவாது. இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. ஆனால் அச்சில் வந்த தொகுதிகளில் இருப்பது தொகைக் கணக்கு, ஆட்களின் பெயரல்ல.

இங்கே காணி உறுதியில், அதாவது சொத்துப் பத்திரத்தில்தான் தொடங்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி கைமாறும் உறுதியை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதச் சொல்கிறது. அதனால் விற்பனை, சீதனம், நன்கொடை எல்லாம் தாளில் விழுந்திருக்கும். கையிலுள்ள கடைசி உறுதியில் காணிப் பதிவகத்தின் முத்திரைக்குப் பக்கத்தில் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் இருக்கும். அதைக் கொடுத்து ஏட்டைப் பார்வையிட விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அது எந்தப் பழைய பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்று எழுதியிருக்கும். அந்த இழையைப் பிடித்துப் பின்னே போகலாம். சட்டத்தரணிகள் வழமையாக 30 வருடத்தோடு நிறுத்திவிடுவார்கள். வீடு வாங்க அது போதும்.

ஏட்டில் கிடைப்பது சுருக்கம்தான். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு, அவர் பதிவகத்துக்கு அனுப்பிய இரட்டைப் பிரதியின் நகலைக் கேளுங்கள். சரக்கு அதன் கடைசியில், அட்டவணையில் கிடக்கிறது: வடக்கே இன்னாரின் வீட்டுச் சுவர், கிழக்கே வீதி, தெற்கே இன்னாரின் காணி என்று. உங்கள் வீட்டைத் தேடப் போய் இரண்டு பக்கத்து வீட்டுக்காரரையும் கண்டுபிடித்துவிடலாம்.

அதிகம் பேர் வழுக்கி விழுவது வீட்டு இலக்கத்தில். இன்று கதவில் உள்ள இலக்கம் அன்றைய இலக்கமல்ல. 'முன்னர் இலக்கம் 14, தற்போது வரிமதிப்பீட்டு இலக்கம் 52' என்ற மாதிரி ஒரு வரி ஏதோவொரு உறுதியில் வரும். அந்த வரி கிடைக்கும்வரை பழைய இடாப்பு எதையும் நம்பாதீர்கள். வேறொருவர் வீட்டுப் பாட்டனாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். தெருப் பெயரும் அப்படித்தான். நாம் செட்டியார் தெரு என்பது ஆங்கில உறுதியில் சீ ஸ்ட்ரீட். டரட் ரோட் இன்று தர்மபால மாவத்தை.

இரண்டு இடங்களில் சங்கிலி அறுந்த மாதிரித் தெரியும். ஒருவரே முழு வரிசையையும் கட்டி, பின்னர் வாரிசுகள் மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்தால், அதற்கு முன் எல்லா வீட்டுக்கும் ஒரே பக்கம்தான். அங்கே வழக்கு இலக்கத்தையும் அளவையாளரின் வரைபடத்தையும் தேடவேண்டும். மற்றது 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டம். உச்சவரம்புக்கு மேற்பட்ட வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளர் வசமாகின. பல இடங்களில் வாடகைக்கு இருந்தவரே சொந்தக்காரரானார். பழைய சொந்தக்காரர் எழுதிய உறுதியைத் தேடி அலைய வேண்டாம், எழுதிக் கொடுத்தவர் ஆணையாளர்.

இவ்வளவும் சொந்தக்காரர் கதை. குடியிருந்தவர் வேறு. மாநகர சபையின் சோலைவரி (வீட்டுவரி) ஏட்டில் வருடாந்தப் பெறுமதி திடீரென்று ஏறியிருந்தால் மேல்மாடியோ பின்கட்டோ எழுந்திருக்கலாம். குடியிருந்தவரை அது சொல்லாது. பெர்குசன் டிரக்டரி என்ற அந்தக்கால இலங்கைப் பெயர்-விலாச விபரக்கொத்தை தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். துரைமாரும் உத்தியோகத்தரும் அதில் கிடைப்பார்கள், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்தியை எதிர்பார்க்காதீர்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் வாக்காளர் இடாப்பு கைகொடுக்கும். அதிலும் ஒரு பள்ளம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தையும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தையும் அடுத்து இந்திய வம்சாவளியினர் பெருந்தொகையாக இடாப்பிலிருந்து போனார்கள். ஆளைக் காணவில்லை என்பதால் வீடு பூட்டிக் கிடந்தது என்று எழுதிவிடாதீர்கள். அதே விறாந்தையில் அதே குடும்பம் இருந்திருக்கும்.

கூரை ஓட்டைப் பார்த்து வயது சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டில் பதித்த ஆண்டு பெரும்பாலும் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. 1865 என்றிருந்தால், மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது அப்போது. ஓடு வீட்டுக்கு வீடு மாறும் சாமான் வேறு.

வீடு விற்கும்போது குப்பைக்குப் போகும் வாடகைப் பற்றுச்சீட்டுகளை எடுத்து வையுங்கள். குடியிருந்தவரின் பெயர், மாதம், தொகை மூன்றும் ஒன்றாக இருக்கும் கடதாசி வேறு கிடைப்பது அபூர்வம். பழைய உறுதியை லமினேட் செய்யக் கொடுக்கவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு கழற்ற முடியாது, தாளும் உள்ளேயே மக்கும். மடிப்பை நீவி விரித்து, இரண்டு பக்கமும் படமெடுத்து, கறையான் ஏறாத இரும்புப் பெட்டியில் தட்டையாக வைத்தால் போதும்.

வாசகர்,
கொழும்பு 13