கடைத்தெருச் சுவருக்குக் கைகொடுத்த அனைவருக்கும்

அன்பார்ந்த கடைத்தெரு மக்களுக்கும், லெபோ குயின், லெபோ கிங், லெபோ பினாங்கு தெருக்களின் அண்டை அயலாருக்கும் சிற்ப ஏற்பாட்டுக் குழுவின் வணக்கம்.

மூட்டை தூக்கும் தொழிலாளரின் எஃகுச் சிற்பம் சந்துச் சுவரோரம் ஏறி நின்றுவிட்டது. திறப்புக்கு முன் பட்ட பாடு தெருவுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சில் ஈரம் இருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி கொத்தனார் ஐயாவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரும் கூப்பிடாமல் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஐம்பது காசை எடுத்து, சுவரை அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனார். கெட்டியாகச் சத்தம் வந்த இடத்தை விட்டுவிட்டு, பொள்ளலாக ஒலித்த இடத்தையெல்லாம் சாக்குக்கட்டியால் வளைத்தார். வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடுப்புக்கு மேல் ஏறின. அப்புறம் சொன்னார்: "தண்ணி கீழேர்ந்து ஏறுது தம்பி. சிமெண்டு அத வெளிய விடல. உப்பு உள்ளயே உறைஞ்சு பூச்சத் தள்ளுது. மேல எத்தன தடவ சாயம் அடிச்சாலும் விழத்தான் செய்யும்."

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் மெத்தென்ற செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. அடித்தளத்தில் ஈரத்தடை அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். அது இன்னும் மேலே ஏறும், கரைந்து வந்த உப்பு பூச்சின் பின்னால் படிகமாகிப் பருக்கும். இந்தச் சுவரில் அதை யார் எப்போது பூசினார்கள் என்ற பேச்சு இப்போது வேண்டாம். அந்தச் சிமெண்டின் மேல் சிற்பத்தை முடுக்கியிருந்தால் பூச்சோடு சேர்ந்து அதுவும் கழன்றிருக்கும். ஐம்பது காசு தட்டியதில் தப்பித்தது அதுதான்.

வைத்தியமும் அவர் சொன்னதுதான். ஈரம் ஏறி நின்ற கோட்டுக்கு மேல் இன்னும் அரை மீட்டர் வரை சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். மின்சுத்தியலைத் தொடவிடவில்லை, அதன் அதிர்ச்சியில் செங்கலின் முகமே பெயர்ந்துவிடுமாம். உப்பேறிய சாந்தை இடுக்குகளில் இரண்டு சென்டிமீட்டர் ஆழம் சுரண்டினோம். நனைத்த காகிதக் கூழை அப்பி, காய்ந்ததும் உரித்து, மறுபடி அப்பினோம். காகிதம் காயும்போது உப்பை இழுத்துக்கொள்ளும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல், ஒரு பூச்சுக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசினோம். கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டபோது, இந்த அடிச்சுவருக்கு எதுவும் வேண்டாம் என்றார்.

களி கடையில் வாங்கியது அல்ல. வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் நிற்க மூடி, மாதக்கணக்கில் ஊறவைத்திருந்த இரண்டு டின்னைத் தூக்கிக் கொடுத்தார். காசு கொடுத்ததற்குக் கையை விலக்கிக்கொண்டார். வெயிலில் சுண்ணாம்பு அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிரும் என்று ஈரச்சாக்கு தொங்கவிட்டிருந்தோம். நனைக்க ஆள் இருந்தும், சாயங்காலமானால் வந்து சாக்கைத் தூக்கிப் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஐயா, உலோகம், ஓவியம், உரிமம் தெரிந்தவர்கள் பலர் அந்தச் சுவர் முன்னால் நின்றோம். சுவரைத் தொட்டுப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை.

புதுச் சுண்ணாம்பு பாரம் தாங்காது என்றதும், சிற்பக் கலைஞர் முகம் சுளிக்காமல் பொருத்தும் முறையையே மாற்றினார். எடை முழுவதும் இப்போது கருங்கல் பலகைமேல் நிற்கும் இரண்டு கால்களில் இறங்குகிறது. சுவரிலுள்ள கம்பிகள் சாயாமல் பிடிக்க மட்டும். அவையும் செங்கலைத் துளைக்காமல் சாந்து இடுக்கில் போகின்றன. நாளை கழற்றினால் சாந்து வைத்து மூடிவிடலாம். விரியும் போல்ட்டை இந்தச் செங்கலில் முடுக்கினால் செங்கல் பிளந்துவிடும். சிற்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருப்பதால் பின்னால் காற்று ஓடும். கடற்காற்றுக்காக வழக்கமான 304 ரகத்தை விட்டு, உப்பரிப்பைத் தாங்க மாலிப்டினம் உலோகம் கலந்த 316 ரகத் துருப்பிடிக்கா எஃகையே பட்டறை அன்பர்கள் எடுத்தார்கள். சாதா இரும்பு படும் இடங்களில் நைலான் வளையம் போட்டார்கள். போடாவிட்டால் உப்பீரத்தில் அந்த இரும்புதான் முதலில் அரிக்கும்.

மாநகர் மன்றப் பாரம்பரியப் பிரிவில் மாற்றிய வரைபடத்தைப் பொறுமையாக மறுபடி பார்த்த அதிகாரிக்கும், சாரம் இரவல் தந்த சீனர் இரும்புக் கடைக்கும், மின்கம்பி இழுக்க விட்ட துணிக்கடைக்கும், வேலையாட்களுக்குச் சோறு அனுப்பிய வீடுகளுக்கும், பத்து ரிங்கிட் முதல் போட்டவர்களுக்கும் நன்றி. ஒப்பந்தத்தை இலவசமாக எழுதித் தந்த வழக்கறிஞருக்குத் தனியாக ஒரு வார்த்தை. கட்டடம் கைமாறினாலும் சிற்பத்தை எடுக்கக் கூடாது, இடம் மாற்றும்முன் கலைஞருக்குத் தெரிவிக்க வேண்டும், கடைசிப் பத்து விழுக்காட்டுத் தொகை பன்னிரண்டு மாதம் கழித்தே தரப்படும் என்ற மூன்று வரிகள் அவர் சேர்த்தவை. நிரந்தரக் கலைக்கு உயிர்நாடி அந்த வரிகள்தான்.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் இது. 2009 தெருக்கலைப் போட்டிக்குப் பிறகு தெருத்தெருவாக வந்த 52 இரும்புக்கம்பிச் சித்திரங்களையும் பார்த்தோம். 2012இல் ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மேனியன் தெருவில் தீட்டிய சைக்கிள் பிள்ளைகள் வெயிலிலும் மழையிலும் மங்கியதையும் பார்த்தோம். சாயம் மங்குவது அதன் இயல்பு. நிரந்தரம் என்று சொல்லி மக்களிடம் பணம் வாங்கினால் பொறுப்பு வேறு. அதனால் இந்தக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி இந்த வட்டாரத்தில் எந்தச் சிற்பம் என்றாலும், கலைஞரை அழைக்கும் முன் கொத்தனாரை அழைப்போம். சுவரைத் தட்டிப் பார்த்து ஈரம் அளந்த பிறகே வரைபடம். வசூலில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போகும், வேறு செலவுக்குத் தொடமாட்டோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எஃகை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் நாங்கள் துடைப்போம். சுவரில் வெள்ளைப் பொடி பூத்தால் யாரும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டி, பொடியைத் தாளில் பிடித்துக் குப்பையில் போடுங்கள். பூக்கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதியும், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பூத்தது என்பதும் அதில் எழுதுங்கள். சிமெண்டோடு மட்டும் யாரும் வர வேண்டாம்.

நன்றியுடன்,
சிற்ப ஏற்பாட்டுக் குழு, கடைத்தெரு, பினாங்கு