அதே பில்டிங் இல்லை: ஃப்ளோரன்ஸ் நாளுக்குப் பணம் கேட்டு ஐந்தாவது கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: இத்தாலி சுற்றுலா, ஆறாம் நாள், ஃப்ளோரன்ஸ் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் அனுப்பிய நான்கு மின்னஞ்சலுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்று ஒரே பதில்தான் வந்தது. கம்ப்யூட்டர் போட்ட பதில் என்று நினைக்கிறேன். அதனால் இதைக் கையால் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். உறையைப் பிரிக்கவாவது ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

ஆறாம் நாள் பயண நிரலில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும், அச்சடித்ததே நீங்கள்தான். உஃபிஸி ஓவியக் கூடம், அக்காடெமியா அருங்காட்சியகம், டுவோமோ என்கிற பேராலயத்தின் கும்மட்டம், மூன்றும் நுழைவுக் கட்டணம் உட்பட. கும்மட்டத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது என்று சொல்லி உடல்தகுதிப் படிவத்தில் தனியாக ஒரு கையெழுத்தும் வாங்கினீர்கள். அதற்காகவே 68 வயதில் மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை மலைக்கோட்டை ஏறி இறங்கினேன். உச்சிப் பிள்ளையாருக்கே என் முகம் பழகியிருக்கும்.

நீங்கள் எங்களை ஃப்ளோரன்ஸில் இறக்கிவிட்டது ஒரு திங்கட்கிழமை. உஃபிஸிக்கும் அக்காடெமியாவுக்கும் திங்கள் விடுமுறை. இது ரகசியம் இல்லை. வருஷக்கணக்காக இந்தப் பயணத்தை விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் விற்றிருக்கிறீர்கள் என்ற முடிவுக்கு நான் வர வேண்டியிருக்கிறது.

"சார், சர்ச்சுக்குள்ள போயிட்டு வந்துட்டீங்கல்ல? மேல ஏறினா என்ன, கீழ நின்னா என்ன, அதே பில்டிங்தானே?"

உங்கள் வாடிக்கையாளர் சேவைத் தம்பி போனில் என்னிடம் சொன்னது இது. பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித் துறையில் கட்டடம் கட்டியவனிடம் சொல்கிற பேச்சா இது?

அதே பில்டிங் இல்லை. அந்தத் தம்பிக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி அந்தக் கும்மட்டத்தை 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தார். தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்கல் கொடுக்காமல், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கலை உயரத்தில் நிற்க வைத்தவர் அவர். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு அடுக்கு. வெளியே நின்று பார்த்தால் சிவப்பு ஓடு தெரியும். உள்ளே நின்று அண்ணாந்தால் வசாரி, சுக்காரி என்ற ஓவியர்கள் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் தெரியும். செங்கல்லை மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து அடுக்கி, காரை காய்கிறவரை சரியாமல் பிடித்த அந்த வேலை, இரண்டு அடுக்குக்கும் நடுவே படி ஏறிப் போகிறவன் கண்ணுக்குத்தான் படும். கல்லூரியில் படித்த நாளிலிருந்து நான் பார்க்க நினைத்தது அதைத்தான். கும்மட்டம் திங்களன்றும் திறந்திருந்தது, ஆனால் அதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்யவில்லை. வாசலில் கேட்டேன், அன்றைக்கு இடமில்லை என்று கையை விரித்தார்கள்.

கோயிலுக்குள் போய் வந்தது உண்மைதான். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று போனோம். அதற்கு யாருக்கும் கட்டணமே கிடையாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் நுழைவுக் கட்டணம் என்று எங்களிடம் வாங்கியது எதற்கு?

வழிகாட்டி அம்மையார் நல்லவர், அவர்மேல் குறையில்லை. பாவம், என்ன செய்வார்? சிக்னோரியா சதுக்கத்தில் நிற்கிற டேவிட் சிலையைக் காட்டினார். அது நகல், 1910-இல் வைத்தது. மிக்கெலாஞ்சலோ செதுக்கிய அசலை 1873-லேயே அக்காடெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டுவோமோவுக்கு எதிரே இருக்கும் திருமுழுக்குக் கோயிலில் சிற்பி கிபெர்ட்டியின் பொற்கதவு முன் நிறுத்திப் படம் எடுத்தார். அதுவும் நகல், அசல் அருங்காட்சியகத்தில். ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டி நகல் பார்த்துவிட்டு வந்த தம்பதி நாங்களாகத்தான் இருப்போம். ஆனால் தோல் பை விற்கிற கடையில் மட்டும் ஒரு மணி நாற்பது நிமிடம். அந்தக் கடைக்குத் திங்கள் விடுமுறை இல்லை.

சென்னைக்கு நான் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். "நேரில் வாங்க, முடிச்சுடலாம்" என்று சொன்னதும் உங்கள் ஆட்கள்தான். விடியற்காலை எழுந்து, பல்லவன் ரயிலைப் பிடித்து, எழும்பூரில் இறங்கி, ஆட்டோவுக்கு அழுது, கோப்போடு மூன்றாவது மாடி ஏறினால், "அந்த செக்‌ஷன் மேடம் லீவு" என்றார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உஃபிஸி என்றாலே அலுவலகங்கள் என்றுதான் பொருள், ஃப்ளோரன்ஸை ஆண்ட கோசிமோவின் அதிகாரிகளுக்காக 1560-இல் வசாரி கட்டத் தொடங்கியது. பூட்டிய அலுவலகத்தை அங்கே பார்த்தேன், திறந்திருந்தும் ஆளில்லாத அலுவலகத்தை இங்கே பார்த்தேன்.

ரோம் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். சாப்பாட்டிலும் குறையில்லை. ஆனால் நான் போனது ஃப்ளோரன்ஸுக்காக. அந்த ஒரு நாள் போனதும் பயணம் முழுவதும் வீண், என் நாற்பது வருட ஆசையும் வீண். அதனால் முழுத் தொகையையும், மன உளைச்சலுக்கு ஐந்து லட்சத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். அதிகம் என்று தோன்றினால், ஆறாம் நாளுக்கான தொகையையும் எழுத்தில் ஒரு மன்னிப்பையும் அனுப்புங்கள், பேசிக்கொள்ளலாம். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை.

பதினைந்து நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது, இனி பல்லவன் பிடிக்க வேண்டியது நீங்கள்தான். நிரல், ரசீது, உடல்தகுதிப் படிவம் மூன்றின் நகலையும் இணைத்திருக்கிறேன். அசல் என்னிடம் இருக்கிறது.

கோயிலுக்குப் பக்கத்தில் புருனெல்லெஸ்கிக்கு ஒரு சிலை இருக்கிறது. மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, தான் கட்டிய கும்மட்டத்தை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பஸ் வரும் வரை நானும் அவர் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "போதும், கழுத்து வலிக்கும், வாங்க" என்று என் மனைவி கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

பதிலை எழுத்தில் அனுப்பவும். அந்தத் தம்பியை விட்டு மட்டும் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உதவிச் செயற்பொறியாளர் (ஓய்வு), பொதுப்பணித் துறை,
திருச்சி.