பாசிக்குடாவில் ஒருவருக்கு ஒரு கிழமை

அன்பின் ஆசிரியருக்கு,

விடுமுறைக் காலம் வந்தால் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாக் கடற்கரையைப் பற்றி ஒரு கட்டுரையாவது எங்காவது வந்துவிடுகிறது. படமும் அழகு, வர்ணனையும் அழகு. எந்த மாதம் வரவேண்டும், எங்கே கடலில் இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது என்பதை மட்டும் காணோம். அதை நம்பி ஒரு வேன் நிறைய ஆட்கள் நடுப்பகலில் வந்து இறங்கி, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டு, உச்சி வெயிலில் தண்ணீரில் நின்று, முதுகு எரிய எரியத் திரும்புகிறார்கள். இந்தக் கரையின் மோசமான நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். ஒருவர் தனியாக வந்து, கிழமை நாட்களில் ஆறுதலாகத் தங்கினால்தான் பாசிக்குடாவும் பக்கத்துக் கல்குடாவும் பிடிபடும். அப்படி வர நினைப்பவர்களுக்கும் அவர்களுக்கு அறை கொடுப்பவர்களுக்கும் சொல்லவேண்டியவை சில உண்டு.

முதலில் மாதம். எங்கள் பக்கத்துக்கு மழை வாடை என்ற வடகீழ்க் காற்றோடுதான் வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கலங்கிக் கிடக்கும், தோணிகள் கரையேறிவிடும். அந்நாட்களில் அறை மலிவாகக் கிடைக்கிறதென்று வந்தவர்கள் ஜன்னலால் மழை பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். கொழும்பிலும் காலியிலும் சோளகம் என்ற தென்மேல் காற்று மழையைக் கொட்டும் மாதங்களில் இங்கே நல்ல வெயில். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை அமைதியான கடல். அதிலும் சித்திரைப் புத்தாண்டுக் கிழமை, வெசாக், போயாவோடு ஒட்டி வரும் நீண்ட விடுமுறைகள், பாடசாலை விடுமுறை எல்லாவற்றையும் தவிருங்கள். மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டெம்பர் முதல் பாதி தனி ஆளுக்கு நல்ல காலம். செப்டெம்பர் கடைசியில் பின்னேரங்களில் இடிமழை தொடங்கிவிடும். இடிச்சத்தம் கேட்டதும் தண்ணீரை விட்டு ஏறவேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகும்வரை திரும்ப இறங்கக்கூடாது.

ஞாயிறு பின்னேரம் வந்து சனி விடிய வெளிக்கிடுவதுதான் சரியான கணக்கு. நீங்கள் வரும்போது சனம் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் போகும்போது சனம் வந்துகொண்டிருக்கும். ரயிலில் வந்தால் வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடிப்பது லேசு. பணம் எடுக்கும் மெசின், மருந்துக்கடை, மரக்கறிக்கடை எல்லாம் வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கம்தான். கடற்கரையில் தேடிப் பயனில்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஜும்ஆ நேரத்தில் ஓட்டமாவடிக் கடைகள் பூட்டியிருக்கும், அதற்கு முன்னே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இனிக் கடல். இரண்டு குடாவும் அருகருகே இருந்தாலும் குணம் வேறு. பாசிக்குடாவுக்கு வெளியே முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறை, இருப்பதால் அலை அங்கேயே உடைந்துவிடும். உள்ளே குளத்துத் தண்ணீர் மாதிரித்தான். இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம். நீந்தத் தெரியாதவர் மயங்குவதும் இதில்தான். நடந்து போன தூரத்தைத் திரும்பவும் நடக்கவேண்டும், நிலமும் எங்கும் ஒரே மட்டம் இல்லை. தண்ணீர் நெஞ்சைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். ஆழம் இல்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்கிறவர்களின் கழுத்தெலும்பு முறிகிறது, இது எந்தப் பயணக் கட்டுரையிலும் வராத செய்தி. படகு ஓடும் பக்கத்தில் குளிக்கவும் வேண்டாம்; தண்ணீருக்கு மேலே தெரியும் ஒற்றைத் தலையைப் படகோட்டி கவனிக்காமல் விடலாம்.

கல்குடா திறந்த கடல். நீளமான மணல், ஆளும் குறைவு. விடிய நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை என்பேன். ஆனால் தனியாகக் குளிக்க அது உகந்ததல்ல. அலை வரிசையாக உடையும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடையாமல், தண்ணீர் கறுத்து, நுரையும் மண்ணும் வெளியே போவது தெரியும். பழக்கமில்லாதவருக்கு அமைதியான இடம் போலத் தோன்றும். கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாசல் அது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக்கூடாது. எவ்வளவு பலசாலியும் களைத்துப்போவார். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்ட பிறகுதான் கரைக்குத் திரும்பவேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள்.

வெளியூர்க்காரர் அறியாத இன்னொன்று கச்சான் காற்று. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கே மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும் காற்று மழையை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, காய்ந்து சூடேறித்தான் எங்களிடம் வரும். காலை பத்து மணிக்குப் பிறகு வீசத் தொடங்கினால் உதடு வெடிக்கும், துவைத்த உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காயும். சில நாள் கடற்காற்றை எழும்பவே விடாது. வெக்கையை எப்படியோ சமாளிக்கலாம். ஆபத்து என்னவென்றால், இது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரம் தண்ணீர் நெளியாமல் கிடக்கும், அதைப் பார்த்து ஆட்கள் காற்றடித்த ரியூப்பிலும் மிதவை மெத்தையிலும் ஏறிப் படுத்துக் கண்ணை மூடுகிறார்கள். கண் திறக்கும்போது கரை எங்கோ நிற்கும். கூட்டமாக வந்தவரை யாராவது கூப்பிடுவார்கள், தனியாக வந்தவரை யார் தேடுவது? கச்சான் வீசும் நாளில் தனி ஆள் மிதவையில் ஏறவே கூடாது.

குளிக்க விடிய ஆறிலிருந்து ஒன்பதரை வரையும், பின்னேரம் நாலுக்குப் பிறகும் நல்லது. இந்தப் பருவத்தில் சூரியன் நடுப்பகலில் அநேகமாகத் தலைக்கு நேரே நிற்கும். மட்டக்களப்புக்குச் சரியாக உச்சியில் வருவது ஏப்ரல் இரண்டாம் கிழமையளவிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும். வெயில் களிம்பு பூசினால் 20 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும். அதைவிட நீளக்கை பனியன் ஒன்று மேல். காசும் மிச்சம், முருகைக்கல்லுக்கும் கேடில்லை. பெண்கள் பருத்திச் சுரிதாரும் சால்வையுமாக இறங்குவதைக் காண்கிறோம். பருத்தி தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், சால்வை காலில் சுற்றும். உடலை மூடவேண்டும் என்றால் பொலியெஸ்டர் காற்சட்டையும் நீளமான ரீசேட்டும் போதும். காலுக்குப் பின்பட்டி உள்ள ரப்பர் செருப்பு. முருகைக்கல் கீறினால் சின்னக் காயம் என்று விடாமல் நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள், உள்ளே துகள் இருந்தால் புண் ஆறாது. சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் நேர்மாறு: நல்ல தண்ணீர் ஊற்றவோ மண்ணால் தேய்க்கவோ கூடாது. கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதை அகற்றி, மூச்சு முட்டினாலோ வலி பரவினாலோ வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அம்புலன்ஸ் இலக்கம் 1990.

தனியாக வந்தவருக்குள்ள பெரிய கேள்வி, குளிக்கும்போது பையை யார் பார்ப்பது என்பது. பையே கொண்டுபோகாதீர்கள். அறைச் சாவி, ஒரு தேத்தண்ணிக் காசு, இரண்டும் சிப் வைத்த பொக்கற்றில். அடையாள அட்டை அறையில் இருக்கட்டும், ஆனால் ஊரிலிருந்து மூலப்பிரதியைக் கொண்டுவராவிட்டால் அறையே கிடைக்காது.

அறையைக் கடற்கரையோரம் எடுக்கத் தேவையில்லை. பேத்தாழை, கல்குடாப் பக்கம் குடும்பத்தோடு இருப்பவர்கள் நடத்தும் சிறிய விடுதிகள் உண்டு. காசு கொடுக்கமுன் மூன்றைப் பாருங்கள். கூரை ஓடா, சீற்றா? சீற் என்றால் பகல் முழுக்க வெந்து இரவு பத்து மணிவரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். எதிரெதிரே ஜன்னல் இருக்கிறதா? குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். கரையோரக் கிணறுகளில் உவர் ஏறியிருக்கும், குளித்தாலும் பிசுபிசுப்புப் போகாது. குடிக்க நாளுக்கு 3 லீற்றராவது போத்தல் தண்ணீரோ வடித்த தண்ணீரோ வேண்டும். தலை சுற்றினால் ஜீவனி என்ற உப்புச் சீனித் தூள் பைக்கற் ஒன்றை 1 லீற்றர் ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பைக்கற்றைக் கண்ணளவில் கரைப்பது பிழை. 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவும் கூடாது.

சாப்பாட்டில் தனி ஆளுக்கு இடைஞ்சல், கறி ஒருவருக்குச் சமைக்கப்படுவதில்லை என்பதுதான். முதல்நாள் இரவே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால், விடிய மீன் வாங்கப் போகும்போது உங்களுக்கும் ஒரு 300 கிராம் பாரையோ விளைமீனோ சேர்த்து வாங்கிவருவார்கள். பதினொரு மணிக்குச் சொன்னால் உறைந்த இறால்தான் கிடைக்கும். தயிரைச் சின்னச் சட்டியாக வாங்குங்கள், இந்த வெக்கையில் மறுநாளே புளித்துவிடும். கரைவலை இழுக்கும் விடியற்காலையில் கரையில் நின்றால், வலை மடி மணலில் ஏறும்போது என்னென்ன மீன் உண்டென்று கண்ணாலேயே பார்த்துச் சொல்லலாம். கயிற்றைத் தாண்டி நடந்து இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் சரி.

ஆறு நாளும் கடலோடேயே கிடக்கவும் வேண்டாம். புதனோ வியாழனோ பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய்வரலாம், 35 கிலோமீற்றர்தான். 1628இல் போர்த்துக்கேயர் தொடங்கி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, கல்லடிப் பாலம், முகத்துவாரத்து வெளிச்சவீடு இவற்றுக்கு ஒரு பகல் தாராளம். சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கக் காத்திருந்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். இது கிழக்குக் கரை, ஐயா. மறைவது பார்க்கவேண்டுமானால் ஓட்டமாவடிப் பாலத்தில் நின்று களப்புப் பக்கம் திரும்புங்கள்.

கடைசியாக விடுதிக்காரர்களிடம். தனியாக ஒருவர் வந்து அறை கேட்டால், அதிலும் நம்மவர் என்றால், அதிலும் பெண் என்றால், முகத்தில் முதலில் வருவது சந்தேகம். "தனியாவா வந்தனீங்க? வேற ஆர் வருவினம்?" என்று மூன்று முறை கேட்பதும், இருவர் வாடகையை முழுதாக வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டவர் தனியாக வந்தால் இந்தக் கேள்வி இல்லை. கிழமை நாட்களில் உங்கள் அறைகள் பாதிக்கு மேல் வெறுமையாகத்தானே கிடக்கின்றன? ஞாயிறு முதல் வெள்ளி இரவு வரை ஒருவர் வாடகை என்று ஒன்றை எழுதி வாசலில் ஒட்டுங்கள். அடையாள அட்டையைப் பதிந்துகொண்டு சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வாழைச்சேனை.