தலை வலிக்கிறது என்று சொல்லப் பழகு

அன்புள்ள தம்பிக்கு,

அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறேன், என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்பு அக்கா என்று கேட்டிருந்தாய். பட்டியல் எழுத ஐந்து நிமிடம் போதும். அதை வாங்கிக்கொண்டு நீ நேராகக் கடைக்குப் போய்விடுவாய் என்பது தெரிந்ததால்தான் கடிதம். உன்னைப் போல ஓடிப் பழகிய பிள்ளைகள் பலர் இப்போது கிளம்புகிறார்கள் என்பதால் ஊரறியவே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

பேஸ் கேம்பைப் பார்க்காமலே திரும்பியவள் எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நினைப்பாய். நியாயம்தான். 2018 அக்டோபரில் போன எட்டுப் பேரில் நான் ஒருத்திதான் பாதியில் திரும்பினேன். எங்கள் குழுவில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா இருந்தார். 61 வயது, இரண்டு முழங்காலிலும் உறை. தினமும் கடைசியாகத்தான் விடுதிக்கு வந்து சேர்வார். அவர் பேஸ் கேம்பையும் தொட்டு, அதன் பக்கத்தில் உள்ள காலா பத்தர் மேட்டில் நின்று சூரியோதயமும் பார்த்துவிட்டு வந்தார். வாரம் மூன்று நாள் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த நான் அதற்குக் கீழேயே, வழியில் உள்ள லொபுசே என்ற ஊரில் விழுந்தேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டிலேயே உயரமானது தொட்டபெட்டா, 2,637 மீட்டர். கேரளத்தின் ஆனைமுடியைச் சேர்த்துக்கொண்டால் 2,695. நீ விமானத்திலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கப்போகும் லுக்லா ஏறத்தாழ 2,850 மீட்டரில் இருக்கிறது. நம் பக்கத்து மலைகள் எல்லாம் முடிந்த இடத்துக்கும் மேலேதான் உன் முதல் அடி. அங்கிருந்து பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். ஆகவே காலுக்கும் நெஞ்சுக்கும் வேண்டிய பயிற்சியை இங்கே செய்துகொள்ளலாம். உயரத்துக்கு உடம்பைப் பழக்குவதை மட்டும் இங்கே செய்யவே முடியாது. அதை அங்கே போய், நாள் கணக்கில் காத்திருந்துதான் செய்ய வேண்டும். 42 கிலோமீட்டர் ஓடியதற்கு உனக்குக் கிடைத்த பதக்கத்துக்கு அந்தக் காத்திருப்பில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளுபடி கிடையாது.

மேலே காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு குறைந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பங்கு அதேதான், நூற்றுக்கு 21. காற்றின் அழுத்தம்தான் இறங்குகிறது. பேஸ் கேம்பில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒரு மூச்சுக்குப் பாதி கூலி என்று வைத்துக்கொள். உடம்பு உடனே வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கப் பார்க்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடும். அதைச் சிறுநீரகம் சரிசெய்து முடிக்க நாட்கள் ஆகும். சரியாகும்வரை இரவில் தூங்கும்போது மூச்சு சில நொடி நின்று, பிறகு திணறிக்கொண்டு வரும். பக்கத்துக் கட்டிலில் அதைக் கேட்டால் பயந்துவிடாதே. அந்த உயரத்தில் அது எல்லோருக்கும் வருவதுதான்.

இதனால்தான் 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கு என்கிறார்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் தவறில்லை, நல்லதும்கூட. இரவு எங்கே தலை சாய்க்கிறாய் என்பதே கணக்கு. நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பென்சிலோடு பார்த்தேன். பாக்திங் 2,610, மறுநாள் நாம்சே 3,440, அடுத்த நாளே டிங்போசே 4,410. நாம்சேயில் ஓய்வு நாள் இல்லை, இடையில் உள்ள டெங்போசேயில் இரவு இல்லை. இரண்டே நாளில் 1,800 மீட்டர்! விடுப்பு மிச்சம், காசு மிச்சம் என்று விற்கிறார்கள். நாம்சேயில் ஒரு நாள், டெங்போசேயில் ஓர் இரவு, டிங்போசேயில் ஒரு நாள் கூட்டித் தருவார்களா என்று கேள். தரமாட்டார்கள் என்றால் முன்பணம் போனாலும் போகட்டும், வேறு ஆளைப் பார்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் திட்டத்தில் குறையே இல்லை. குறை என்னிடம் இருந்தது. எங்கள் வழிகாட்டி தினமும் இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பார். தலை வலிக்கிறதா, பசிக்கிறதா, தூக்கம் வந்ததா? டிங்போசேயில் எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்துக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த பருப்பும் சோறும் குமட்டின. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சிரித்தேன். உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடுவார் என்று பயம். அதைவிட, அந்த அம்மாவே முணுமுணுக்காமல் சாப்பிடும்போது நான் எப்படிச் சொல்வது என்ற வீம்பு. அறைக்குப் போய் வலி மாத்திரை போட்டுக்கொண்டேன். மறுநாள் பழகுவதற்காக நாங்கர்ட்ஷாங் மேட்டில் ஏறியபோது எல்லோருக்கும் முன்னால் போனேன். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று வழிகாட்டி பின்னாலிருந்து கூவிக்கொண்டே வந்தார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். நேபாளியில் நான் கற்ற முதல் சொல் அது. காதில் வாங்காத சொல்லும் அதுதான்.

அதற்கு அடுத்த நாள் லொபுசே, 4,940 மீட்டர். சாயங்காலம் இரண்டு முறை வாந்தி. சாப்பாட்டுக் கூடத்தில் யாக் சாண வறட்டி எரியும் அடுப்பருகே உட்கார்ந்து, கழிப்பறைக்குப் போக ஷூவை மாட்டினேன். கயிற்றின் இரண்டு முனையும் என் இரண்டு கையில் இருக்கின்றன. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வலி இல்லை, பயமும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ. அந்த அம்மாதான் அதைக் கவனித்து வழிகாட்டியைக் கூப்பிட்டார்.

வழிகாட்டி ஒன்றும் கேட்கவில்லை. என்னை எழுப்பி நிறுத்தி, தரையில் இருந்த ஒரு மரப்பலகையைக் காட்டி, குதிகாலை மறு காலின் விரலில் ஒட்டி ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாவதில் சுவரில் போய் மோதினேன். மூளையில் நீர் கோத்துக்கொள்ளும்போது முதலில் போவது இந்த நிதானம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்படி ஆனால் விடியட்டும் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ஒன்றை விழுங்கவைத்து, ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டி, இருபுறமும் இருவர் தாங்கிக்கொள்ள, இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம்.

லொபுசேயிலிருந்து இறங்கும் வழியில் துக்லா கணவாய் வரும். மலையில் இறந்தவர்களுக்கான நினைவுக் கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் 1999-இல் எவரெஸ்ட் உச்சியில் 21 மணி நேரம் தங்கி, 2001-இல் அதே மலையில் பனிப்பிளவில் விழுந்து இறந்த பாபு சிரி ஷெர்பாவுக்கும் அங்கே ஒன்று உண்டு. பகலில் ஏறும்போது அதன் அருகே நின்று படம் எடுத்திருந்தேன். இரவில் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாக வந்து வந்து போனது. பெரிசேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிகிச்சை நிலையம் 1973-இலிருந்து இருக்கிறது, 4,371 மீட்டரில். கதவைத் தட்டியபோது மணி ஒன்றுக்கு மேல். ஒரு பெண் மருத்துவர் கம்பளித் தொப்பியோடு வந்து திறந்தார். விடியும்போது என் ஷூ கயிற்றை நானே கட்டினேன்.

ஆகையால் என் பட்டியலில் முதல் சாமான் இதுதான். மேலே போன பிறகு தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எது வந்தாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொள். அந்த அறிகுறியோடு அடுத்த ஊருக்கு ஏறாதே. கூடினால் இறங்கு. படுத்திருக்கும்போதும் மூச்சு இரைத்தால், இருமலில் நுரை வந்தால் அது நுரையீரல். அதற்கும் இறக்கம்தான் மருந்து. வீட்டில் காய்ச்சல் என்றாலே வாய் திறக்காத பிள்ளை நீ. இப்போதிருந்தே சொல்லிப் பழகு.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள். தடுப்புக்கு வழக்கமாகச் சொல்வது 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடு. அது அறிகுறியை மூடி மறைப்பதில்லை, சிறுநீரகத்தின் வேலையைத் துரிதப்படுத்துகிறது. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். தூக்க மாத்திரையையும் மதுவையும் தொடாதே.

பயிற்சிக்குச் சென்னை தட்டையான ஊர், என்ன செய்வது! ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு படி ஏறு. முதுகில் எட்டுக் கிலோ. பரங்கிமலைப் படிகளில் வாரம் இரண்டு நாள், மாதம் ஒருமுறை திருக்கழுக்குன்றம், கிளம்புமுன் ஒரு தடவையாவது பர்வதமலை. ஏறுவதைவிட இறங்குவதைக் கவனி. தொடையும் முழங்காலும் போவது இறக்கத்தில்தான். ஷூவை இப்போதே வாங்கி இந்தப் படிகளிலேயே பழக்கிவிடு. கால் நகத்தை ஒட்ட வெட்டாமல் போனால் நாம்சேயிலிருந்து லுக்லா இறங்குவதற்குள் கட்டைவிரல் நகம் கருத்துவிடும்.

மற்றவற்றை அதிகம் யோசிக்காதே. இறகு ஜாக்கெட்டும் தூக்கப் பையும் காத்மாண்டு தமேலில் வாடகைக்குக் கிடைக்கும். பருத்தி உடுப்பு வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. இரவில் வெந்நீர் பாட்டிலையும் போன் பேட்டரியையும் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள். நாம்சேக்கு மேலே இறைச்சி சாப்பிடாதே. அந்தப் பகுதி சாகர்மாதா தேசியப் பூங்கா, அதன் எல்லைக்குள் எதையும் அறுப்பதில்லை. கீழேயிருந்து நாள் கணக்கில் சுமந்து வருவது அது. பசி செத்துப்போகும் என்பதால் அம்மாவிடம் நாரத்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வாங்கிக்கொள். யாக் கூட்டம் எதிரே வந்தால் மலைப் பக்கமாக ஒதுங்கு, பள்ளத்தின் பக்கம் நிற்காதே. மந்திரம் செதுக்கிய கற்சுவர் வந்தால் அது உன் வலது கைப் பக்கம் இருக்கும்படி போ. கோயிலில் வலம் வருவது போலத்தான்.

காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பைப் படித்துப் பார். பல பாலிசிகள் பேஸ் கேம்பின் உயரத்துக்கு வெகு கீழேயே கைவிட்டுவிடும். ஹெலிகாப்டர் செலவைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேள். லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், சரிவில் இருக்கிறது. மேகம் இறங்கினால் விமானம் இல்லை. திரும்பும் டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாள் சும்மா விட்டு வை. அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேள்.

என்னுடைய தலைவிளக்கு, ஊன்றுகோல் இரண்டு, ஒருமுறைதான் போட்ட கம்பளிக் காலுறை எல்லாம் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள். திருத்திய பயணத் திட்டத்தையும் கொண்டு வா. லிப்ட் வேண்டாம், ஒன்பதாவது மாடிக்குப் படியில் ஏறி வா, பிஸ்தாரை.

அன்புடன்,
அக்கா